கணக்கு வேறு, காட்சி வேறு: இணையதள ஃபிரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கும் முறை

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்காக நான் பிஎச்பி என்ற நிரல்மொழியை மட்டும் கொண்டு அமைத்துக் கொடுத்த விலைப் பக்கத்தில், தரவுத்தளத்திலிருந்து விலையை எடுக்கும் வரிகளும், கமிஷன் கழிக்கும் கணக்கும், பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா என ரகவாரியாக அட்டவணை போடும் எச்டிஎம்எல்லும் ஒரே கோப்பில் பின்னிக் கிடந்தன. அட்டவணையின் தோற்றத்தை மாற்ற வந்த வடிவமைப்பாளர் வேண்டாதவை என்று நீக்கிய நான்கு வரிகளோடு கமிஷன் கழிக்கும் வரியும் போய்விட்டது. அன்று காலை முழுவதும் விவசாயியின் கைக்கு வரும் தொகை கூடுதலாகவே திரையில் தெரிந்தது. தவறு அவருடையதன்று; கோப்பை அப்படி வைத்திருந்த என்னுடையது.

இணையதளம் கட்ட உதவும் ஆயத்த நிரல் சட்டகங்களான ஃபிரேம்வொர்க்குகளை ஒப்பிடத் தொடங்குமுன், உங்கள் தளத்தின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, அதில் எது கணக்கு, எது காட்சி என்று தாளில் பிரித்து எழுதுங்கள். எல்லைக்கோடு எளிதில் புலப்படாது. விலை இறங்கினால் சிவப்பில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்: நேற்றைய விலையோடு ஒப்பிட்டு இறங்கியதா என்று முடிவு செய்வது நிரலின் வேலை, இறக்கத்துக்குச் சிவப்பா, கீழ்நோக்கிய அம்புக்குறியா என்பது டெம்ப்ளேட்டின், அதாவது தரவை நிரப்பிப் பக்கமாகக் காட்டும் வார்ப்புருவின், வேலை.

அடுத்து, ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்கின் டெம்ப்ளேட் மொழியும் எதை அனுமதிக்க மறுக்கிறது என்று பாருங்கள். நிரலைத் தரவு, காட்சி, கட்டுப்பாடு என மூன்றாகப் பிரிக்கும் எம்விசி என்ற முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டிரிக்வே ரீன்ஸ்காக் வகுத்த அந்தக் கருத்தை ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் வளைத்துக்கொண்டார்கள். அமெரிக்கச் செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில் உருவாகி 2005இல் வெளிவந்த பைத்தான் மொழி ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவின் டெம்ப்ளேட்டில் பைத்தான் வரிகளை விருப்பம்போல் எழுத முடியாது. செயற்கூற்றுக்கு மதிப்புகளைக் கொடுத்து அழைக்கவும் முடியாது. ஆகவே, கமிஷன் கணக்கு தானாகவே வெளியே போய்விடும். ஆனால், தொடர்புடைய பதிவுகளை டெம்ப்ளேட்டிலேயே சுற்றிவர அது விடுவதால், தரவுத்தளக் கேள்விகள் கண்ணில் படாமல் அங்கே பெருகக்கூடும். பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெலின் டெம்ப்ளேட் மொழி பிளேடு, பிஎச்பி வரிகளுக்கு இடம் கொடுக்கிறது. ரூபி மொழி ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸின் டெம்ப்ளேட் மொழி இஆர்பியில் ரூபி முழுவதையும் எழுதலாம். இவற்றில் கட்டுப்பாடு உங்கள் குழுவின் கையில்தான் இருக்கிறது. தோற்றத்தை வேறொருவர் கையாளப் போகிறார் என்றால், நான் கண்டிப்பானதையே தேர்ந்தெடுப்பேன்.

2013இல் வந்த, திரைக் காட்சிகளை அமைக்கும் நிரல் நூலகமான ரியாக்ட், ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே எச்டிஎம்எல்லைப் போன்ற குறியீட்டை எழுத வைப்பதால் கணக்கையும் காட்சியையும் பிரிக்கும் விதியையே மீறுவதாகத் தோன்றும். பிரிக்க வேண்டியது மொழிகளை அல்ல, பொறுப்புகளை; கொடுத்த தரவை வாங்கி வரைந்து காட்டுவதோடு நிற்கும் கூறு எந்த மொழியில் இருந்தாலும் காட்சியே. தரவை எடுப்பதும் கமிஷனைக் கழிப்பதும் அதற்குள் வந்துவிட்டால், என் பழைய பிஎச்பி கோப்பு வேறு உடையில் திரும்பி வந்துவிட்டது என்று பொருள்.

கடைசியாக நிற்கும் இரண்டு ஃபிரேம்வொர்க்குகளிலும் அதே பக்கத்தைச் செய்து பாருங்கள். அட்டவணையைக் கைபேசிக்கு ஏற்ற அட்டைகளாக மாற்றும்போது டெம்ப்ளேட்டும், தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸும் தவிர வேறு கோப்பு எதையும் தொடக்கூடாது. அதே விலைகளைச் செயலிக்காக ஜேசன் என்ற தரவு வடிவில் கொடுக்கும்போது கணக்கை மறுபடி எழுத நேரக்கூடாது. ஆயிரம் ரூபாய்க்குக் கமிஷன் சரியாகக் கழிகிறதா என்பதை உலாவியைத் திறக்காமலேயே சோதிக்க முடிய வேண்டும்.

ஏற்கெனவே கலந்து கிடக்கும் தளத்துக்கு உடனே புது ஃபிரேம்வொர்க் தேவையில்லை. நான் முதலில் கமிஷன் கணக்கை மட்டும் தனிக் கோப்புக்கு நகர்த்தி, பிஎச்பியிலேயே அந்த மாங்காய் சீசனை ஓட்டினேன். அடுத்த சீசனுக்கு முன்புதான் ஜாங்கோவுக்கு மாறினேன். வடிவமைப்பாளருக்கு இப்போது டெம்ப்ளேட் கோப்புறையில் மட்டுமே எழுதும் அனுமதி இருக்கிறது.