பந்தில் காற்று நிற்காமல் போனது: என் அனுபவம்

வருஷா வருஷம் ஒரு சனி, ஞாயிறு எங்கள் ரக்பி குழு கும்பகோணத்தில் ரயில் ஏறி சென்னைக்கு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) ஆடப் போகும். இந்தமுறை கிளம்ப ஐந்து நாள் இருக்கையில், மாலையில் கல் மாதிரி இருந்த பந்து காலையில் விரல் அமுக்கினால் குழிந்தது. செவன்ஸில் கன்வர்ஷனுக்கு, அதாவது டிரை எடுத்தபின் கூடுதல் புள்ளிக்கு உதைக்கும் உதைக்கு, பந்தைத் தரையில் வைத்து உதைக்க முடியாது, டிராப் கிக்தான், தரையில் பட்டு எழும்பும் நொடியில் உதைக்கணும். காற்று குறைந்தால் பந்து எழும்பவே எழும்பாது.

சைக்கிள் கடை அண்ணன் வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தார், ஒரு குமிழிகூட இல்லை. தையலில் பசை தடவினோம், இரண்டு நாள் வீண்.

அப்புறம் வால்வில் சோப்பு நுரை வைத்தேன். சும்மா வைத்தபோது ஒன்றுமில்லை. வால்வின் ஓரத்தைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளியதும் கடுகளவு குமிழி ஒன்று மெல்ல உப்பியது! அறுப்பு முடிந்த வயலில்தான் பயிற்சி, அந்த வண்டல் தூசி ஒட்டிய பம்ப் ஊசியை ஈரமில்லாமல் செருகிச் செருகி ரப்பர் வறண்டிருந்தது. ஊசியைத் துடைத்து, மருந்துக்கடை கிளிசரின் தடவி, நாலைந்து தடவை மெதுவாக விட்டு எடுத்து, விதிப்படி 10 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை காற்றடித்து ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் கேஜில் முள் அப்படியே 10-இல் நின்றது. அப்பாடா! இப்போது கிளிசரின் புட்டி பம்போடு சேர்ந்தே பையில் இருக்கிறது.