சந்திரனின் நிலவியல் வரைபடம் வரைவது எப்படி? கோப்பர்நிக்கஸ் பகுதியில் ஒரு தொடக்கப் பயிற்சி

நிலவியல் வரைபடம் என்பது ஒளிப்படத்துக்கு நிறம் தீட்டும் வேலை அன்று. எந்தப் பாறைப்பரப்பு எதன்மேல் கிடக்கிறது, ஆகவே எது முந்தியது, எது பிந்தியது என்பதை எல்லைக்கோடுகளால் காட்டுவதே அதன் நோக்கம். நிலவியலாளர்களான ஷூமேக்கரும் ஹேக்மனும் 1962இல் வெளியிட்ட சந்திரனின் காலப்பகுப்பு, கோப்பர்நிக்கஸ் என்னும் கிண்ணக்குழியின் (விண்கல் மோதி உண்டான வட்டப் பள்ளத்தின்) சுற்றுப்புறத்தை இவ்வாறு ஆராய்ந்ததிலிருந்தே உருவானது. பழகுவதற்கு இன்றும் இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து.

முதலில், கட்டணமில்லாத கியூஜிஐஎஸ் (QGIS) என்னும் வரைபட மென்பொருளை நிறுவி, சந்திரனைச் சுற்றிவரும் நாசாவின் எல்ஆர்ஓ (LRO) விண்கலத்தின் அகலக்கோணக் கேமரா எடுத்த, ஒரு படப்புள்ளிக்கு 100 மீட்டர் என்ற அளவிலான தொகுப்புப் படத்தையும், அதே விண்கலத்தின் லேசர் உயரமானி தந்த உயரத் தரவையும் திறந்துகொள்ளுங்கள். இடங்களைக் குறிக்கும் ஆள்கூற்று முறை 1,737.4 கிலோமீட்டர் ஆரமுள்ள சந்திரக் கோளத்துக்கு உரியதா என்று பார்ப்பது முக்கியம். பூமிக்கு உரிய முறை தங்கிவிட்டால் நீளமும் பரப்பும் பிழையாகவே வரும்.

அடுத்து அளவுத்திட்டம். இறுதி வரைபடம் 1:10,00,000 என்றால், தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர், அதாவது பத்துப் படப்புள்ளிகள். இரண்டு கிலோமீட்டருக்கும் சிறியவற்றை விட்டுவிடுங்கள். திரையில் 1:2,50,000 அளவை மாற்றாமல் வைத்துக்கொண்டு வரையுங்கள். ஆசைப்பட்டு ஓரிடத்தில் மட்டும் நெருங்கிப் பார்த்து வரைந்தால், அங்கு மட்டும் நுணுக்கம் கூடி வரைபடத்தின் சீர்மை கெட்டுவிடும்.

மூன்றாவதாக, ஒரே இடத்தை இருவகை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது எடுத்த படத்தில் நிழல் நீண்டு மேடுபள்ளம் தெரியும். சூரியன் உச்சியில் இருக்கும்போது எடுத்த படத்தில் பரப்பின் வெளுப்பும் கருமையும் தெரியும். 58 கிலோமீட்டர் விட்டமுள்ள எரட்டோஸ்தனீஸ் கிண்ணக்குழி, தாழ்ந்த வெளிச்சத்தில் படிக்கட்டுச் சுவர்களோடு எடுப்பாக நிற்கும். முழுநிலவின்போதோ அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே கடினம். ஏறத்தாழ 93 கிலோமீட்டர் விட்டமுள்ள கோப்பர்நிக்கஸ் அப்போதும் தன் வெளிர்க் கதிர்வரிகளோடு, அதாவது மோதலில் தெறித்த பொருள் நாற்புறமும் படிந்த கோடுகளோடு, பளிச்சிடும்.

நான்காவது படியே இந்த வேலையின் உயிர்நாடி. இவ்விரண்டு கிண்ணக்குழிகளுக்கும் இடையே ஸ்டேடியஸ் என்னும் மங்கலான வட்டத்தைப் பாருங்கள். எரிமலைக் குழம்பு அதை நிரப்பி மூழ்கடித்ததால் விளிம்பு மட்டும் அங்கங்கே தலைகாட்டுகிறது. எனவே ஸ்டேடியஸ் அந்தக் குழம்பைவிடப் பழையது. எரட்டோஸ்தனீஸ் எறிந்த பொருள் உறைந்த குழம்பின்மேல் படிந்திருப்பதால் அது குழம்புக்குப் பிந்தியது. ஸ்டேடியஸ் பக்கமாகச் சங்கிலிபோல் ஓடும் சிறு குழிகளோ, கோப்பர்நிக்கஸிலிருந்து தெறித்த பாறைகள் விழுந்து உண்டானவை. கோப்பர்நிக்கஸின் கதிர்வரிகள் எரட்டோஸ்தனீஸின் மேலும் படிந்துள்ளன. ஆகவே வரிசை: ஸ்டேடியஸ், எரிமலைக் குழம்பு, எரட்டோஸ்தனீஸ், கோப்பர்நிக்கஸ். ஓர் எச்சரிக்கை: கதிர்வரி இருந்தாலே இளையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், வெளிர்நிற மேட்டுநிலப் பாறை எரிமலைக் குழம்பு உறைந்த கருநிறச் சமவெளியில் சிதறிக் கிடந்தாலும் நெடுங்காலம் வெளுப்பாகவே தெரியும்.

இப்போது கோடு போடலாம். எல்லை தெளிவாகத் தெரியுமிடத்தில் தொடர்கோடு, தோராயமாகத் தெரியுமிடத்தில் விட்டுவிட்டுச் செல்லும் கோடு, பிற்காலப் பொருளால் மூடப்பட்டிருக்குமிடத்தில் புள்ளிக்கோடு இடுவது மரபு. ஒவ்வொரு அலகுக்கும், அதாவது எல்லையிட்டுப் பிரித்த ஒவ்வொரு பாறைப்பரப்புக்கும், ஒரு குறிப்பு எழுதுங்கள். அதில் கண்டதும் கருதியதும் தனித்தனியே இருக்கட்டும். “விளிம்பிலிருந்து ஆரவாக்கில் செல்லும் முகடுகள் கொண்ட கரடான பரப்பு” என்பது கண்டது; “மோதலில் எறியப்பட்ட பொருள்” என்பது கருதியது.

வயதை எண்ணாகச் சொல்ல, ஓர் அலகின் மேலுள்ள சிறு கிண்ணக்குழிகளை எண்ணிக் கணிப்பார்கள்; குழிகள் கூடினால் பரப்பு பழையது. சங்கிலியாகவும் கொத்தாகவும் கிடக்கும், தெறித்த பாறைகளால் உண்டான இரண்டாம்நிலைக் குழிகளை அதில் சேர்க்கக் கூடாது; சேர்த்தால் வயது கூடிவிடும். கோப்பர்நிக்கஸுக்குச் சொல்லப்படும் சுமார் 80 கோடி ஆண்டுகள் என்னும் வயது, அதன் கதிர்வரியைச் சேர்ந்ததாகக் கருதப்படும், அப்பல்லோ 12 கொண்டுவந்த மண்ணிலிருந்து கிடைத்தது.

வரைந்து முடித்த பின்னர், அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட சந்திரனின் ஒருங்கிணைந்த நிலவியல் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். முன்பே பார்த்துவிட்டால் கண் அந்தக் கோடுகளையே தேடும். அது 1:50,00,000 அளவிலானது என்பதால், உங்கள் எல்லைகள் அதிலிருந்து சற்று விலகினால் உடனே அழித்துவிடாமல், படத்துக்குத் திரும்பி எதை நம்பி அந்தக் கோட்டை இட்டீர்கள் என்று சரிபாருங்கள்.