பழைய துரை பங்களாவில் கணப்பு மூட்ட

இலங்கையின் மலைநகரான நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படியும் இரவுகளும் உண்டு. அங்கே வெள்ளைக்காரர் காலத்துத் தோட்ட பங்களாவில் தங்கினால், இருட்டுமுன் கணப்பை மூட்டிவிடுங்கள். முதலில் புகைக்கூண்டின் இரும்புத் தகடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கூண்டுக்குள் குளிர்காற்று அடைத்துக் கிடந்தால் புகை அறைக்குள்தான் திரும்பும். பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி, ஒரு நிமிடம் கூண்டின் வாய்க்குள் உயர்த்திப் பிடித்தால் காற்று மேலே இழுக்கும். பிறகு சுள்ளி, அதன்மேல் விறகு. இரண்டு விறகைத் தட்டினால் 'டக்'கென்று கேட்கவேண்டும். எரியும்போது நுனியில் நுரை தள்ளினால் ஈரம். அதோடு மல்லுக்கட்டாமல் பங்களா வேலையாளான அப்புவிடம் காய்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள். கம்பளி சில்லென்றிருந்தால் நெருப்புக்கு மூன்றடி தள்ளிக் கதிரையில் விரியுங்கள். தணல் கிடக்கும்போது தகட்டை மூடவும் வேண்டாம், ஜன்னலை முழுக்கச் சாத்தவும் வேண்டாம்; தணலிலிருந்து வரும் நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது.