கோயில் நகர விடுதிகள்: விருந்தினரின் வசதியில் தவிர்க்க வேண்டிய சிறு தவறுகள்

கோயில் நகரங்களில் விடுதி நடத்துவோர் புதுப்பிக்கும் வேலையில் இறங்கினால், முதலில் மாறுவது பெரும்பாலும் வரவேற்புக் கூடத்தின் தரைக்கல்லும், அறையிலுள்ள தொலைக்காட்சியின் அளவும், கட்டில் தலைமாட்டுப் பலகையும்தான். முன்பதிவுத் தளங்களில் படம் போடுவதற்கு இவை உதவும் என்பதால் அந்தச் செலவில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் வென்னீர் எத்தனை வாளி வருகிறது, ஈர வேட்டியை எங்கே போடுவது, படுத்தபடியே விளக்கை அணைக்க முடிகிறதா என்பன போன்று எந்தப் படத்திலும் தெரியாத விஷயங்களே தங்குபவரின் இரவையும் விடியலையும் நல்லபடியாகவோ மோசமாகவோ ஆக்குகின்றன. இவற்றில் பெரும்பாலானவை ஒரு பிளம்பரையோ எலக்ட்ரீஷியனையோ அரைநாள் வைத்துக்கொண்டால் முடிகிற வேலைகள். அவை செய்யப்படாமல் கிடப்பதற்குக் காரணம் பணத்தட்டுப்பாடு என்று சொல்ல முடியாது. உரிமையாளர் தம் விடுதியின் அறையில் ஓர் இரவு படுத்து, விடியற்காலையில் அங்கேயே குளித்துக் கிளம்பிப் பார்த்ததில்லை என்பதே காரணம்.

1908-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர் திறந்த விடுதி இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஒன்றரை டாலருக்குத் தனிக் குளியலறையோடு அறை என்று விளம்பரம் செய்த அவர், கதவைத் திறந்தவுடன் கை படும் இடத்தில் விளக்குச் சுவிட்சையும், இருட்டில் எளிதாகக் கண்டுபிடிக்கும்படி கைப்பிடியை ஒட்டி மேலே சாவித் துளையையும், ஆளுயரக் கண்ணாடியையும், அறைக்குள்ளேயே குளிர்ந்த குடிநீரையும் வைத்தார். களைத்து வந்து சேரும் பயணி முதல் ஐந்து நிமிடத்தில் எதையெல்லாம் தேடுவார் என்று யோசித்து அமைத்தவை அவை. ராமேசுவரத்துக்கோ திருவண்ணாமலைக்கோ வருகிறவர் தேடுவது வேறு என்பதால் இங்கே பட்டியல் மாறும். யோசிக்கும் முறை மாறாது.

வென்னீரிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் குறைகளில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. வழக்கமாகப் பொருத்தப்படும் 15 லிட்டர் கீசரில் 60 பாகைக்குச் சூடேறிய நீரை, 28 பாகையிலுள்ள தொட்டித் தண்ணீரோடு கலந்து, குளிப்பதற்கு ஏற்ற 40 பாகைக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 40 லிட்டர், அதாவது பெரிய வாளியில் இரண்டு வாளி கிடைக்கும். ஒரே அறையில் நால்வர் தங்கும் குடும்பத்தில் இருவர் குளித்து முடித்ததும் கீசரில் மிஞ்சுவது பச்சைத் தண்ணீர்தான். 2 கிலோவாட் கீசர் மறுபடியும் அந்தச் சூட்டை எட்டக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கு பேர் தங்கும் அறைகளுக்கு 25 லிட்டர் கீசர் வாங்குவது சரியான தீர்வு. அதற்கு வழியில்லாவிட்டால், இரண்டு பேர் குளித்தபின் இருபது நிமிடம் இடைவெளி விடும்படி சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். காரணம் தெரிந்துவிட்டால் காத்திருப்பதில் யாருக்கும் வருத்தம் இருப்பதில்லை. தெரியாதபோதுதான் தொலைபேசியை எடுத்து வரவேற்பு மேசையைத் திட்டுகிறார்கள்.

மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருக்கும் விடுதிகளில் சிக்கல் வேறு மாதிரி வருகிறது. தொட்டியிலிருந்து தரைத்தள அறைக்கு 20 மீட்டர் நீளத்துக்கு முக்கால் அங்குலக் குழாய் இறங்கினால், இரவெல்லாம் ஆறிப்போன ஐந்து லிட்டர் தண்ணீராவது அதற்குள் நிற்கும். விருந்தினர் குழாயைத் திறந்து, பச்சைத் தண்ணீர் வருவதைக் கண்டு, வென்னீரே இல்லை என்று முடிவுகட்டி மூடிவிடுகிறார். குழாய்க்கு வெப்பம் காக்கும் உறை போடுவது, முதல் கால் வாளித் தண்ணீரைத் தனியே பிடித்து வைக்கும்படி குளியலறைச் சுவரில் ஒரு வரி எழுதி ஒட்டுவது, மழைக்காலத்தில் மின்சாரத் துணைச் சூடேற்றியை இரவிலேயே போட்டுவிடும்படி காவலாளிக்குச் சொல்லி வைப்பது ஆகிய மூன்றும் போதும்.

வென்னீருக்கு நேரம் குறிப்பது இன்னொரு தவறு. காலை 6 முதல் 9 வரை என்று பலகை எழுதி மாட்டுகிறவர், தம் ஊருக்கு வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார். ராமேசுவரத்தில் ஸ்படிக லிங்க தரிசனம் காலை 5 மணிக்குத் தொடங்குகிறது. அதற்குப் போகிறவர் நாலு மணிக்கே குளித்தாக வேண்டும். திருவண்ணாமலையிலோ பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு நடந்து முடித்துவிட்டு, இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அறைக்குத் திரும்புகிறார்கள். அந்த நேரத்தில் கால் ஊறவைக்க ஒரு அகன்ற பிளாஸ்டிக் தொட்டியும் கொஞ்சம் கல்லுப்பும் கொடுக்கிற விடுதியை, குடும்பத்திலுள்ள பெரியவர்கள் ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். அதற்கு ஆகும் செலவு, கட்டில்மேல் துண்டுகளை அன்னப்பறவையாக மடித்து வைப்பதற்குப் பணியாளர் செலவிடும் நேரத்தைவிடக் குறைவு. அன்னத்தைப் பிரித்த பிறகு அந்தத் துண்டை மாட்டுவதற்குக் குளியலறையில் ஒரு கொக்கிகூட இல்லாத அறைகளும் இருக்கின்றன என்பது வேறு கதை.

ஈரத்துணி விஷயத்தில் ராமேசுவரத்து விடுதிகள் பலவும் செய்யும் தவறு விசித்திரமானது. அக்னி தீர்த்தக் கடலில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்து, பின்பு உலர்ந்த உடை மாற்றித் தரிசனம் செய்வதுதான் அங்கே வருகிற பெரும்பாலோரின் வழக்கம். ஆகவே பிற்பகலில் அறைக்குத் திரும்பும் ஒவ்வொரு குடும்பத்திடமும் உப்பும் மணலும் ஏறிய ஒரு பை ஈரத்துணி இருப்பது உறுதி. இதை எதிர்பார்க்க வேண்டிய விடுதி செய்வதோ, “அறையில் துணி உலர்த்தக் கூடாது” என்று எழுதி ஒட்டுவது. எழுதி ஒட்டியதால் துணி காய்ந்துவிடுவதில்லை. புடவை திரைச்சீலைக் கம்பியில் ஏறுகிறது. வேட்டி இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே தொங்குகிறது. பிள்ளைகளின் கால்சட்டை தொலைக்காட்சிப் பெட்டியின் விளிம்பில் உட்காருகிறது. கனம் தாங்காமல் கம்பி சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தபின் அதற்கு அபராதம் கேட்டுச் சண்டையும் நடக்கிறது. மொட்டைமாடியில் நான்கு கொடிக்கயிறும், ஒரு கூடை நிறையக் கிளிப்பும், பிழிந்தெடுக்க ஒரு ஸ்பின்னரும், இருட்டில் படியேற ஒரு விளக்கும் இருந்தால் மேற்சொன்ன எதுவும் நேராது. வாசலுக்கு வெளியே கால் கழுவ ஒரு தாழ்ந்த குழாய் வைப்பதும் இதோடு சேர்ந்தது. இல்லாவிட்டால் கடற்கரை மணல் முழுவதும் குளியலறை வடிகாலில் இறங்கி அடைத்துக்கொள்ள, அடுத்து வருகிற விருந்தினர் கணுக்கால் தண்ணீரில் நின்று குளிக்க வேண்டியிருக்கும்.

மின்சார வேலையில் இரண்டு தவறுகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, சாவி அட்டையைச் சுவரிலுள்ள பெட்டியில் செருகினால்தான் அறைக்கு மின்சாரம் என்ற ஏற்பாடு. மின்செலவைக் குறைப்பதற்கு அது நல்லதுதான். ஆனால் அறையின் எல்லா இணைப்பையும் அதன்கீழ் கொண்டுவந்துவிட்டால், சாப்பிடப் போகும் நேரத்தில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போகிறவர் திரும்பி வரும்போது அது அணைந்தே கிடக்கும். கூடவே குழந்தையின் மருந்தையோ இன்சுலினையோ வைத்திருக்கும் சிறு குளிர்பெட்டியும் நின்றிருக்கும். கட்டிலை ஒட்டிய ஒரு ப்ளக் பாயின்டையும் குளிர்பெட்டியின் இணைப்பையும் அந்த வளையத்துக்கு வெளியே வைக்கும்படி வயரிங் செய்யும்போதே சொல்லிவிட்டால் போதும். இரண்டாவது, சுவிட்சுகள் அனைத்தையும் கதவருகே ஒரே பலகையில் வைப்பது. மாடிப்படிக்குப் போடுவதுபோல டூவே சுவிட்ச் ஒன்றைத் தலைமாட்டில் வைத்துவிட்டால், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பெட்டி தடுக்காமல் கட்டிலுக்கு நடந்து வர வேண்டியதில்லை. மின்விசிறியின் ரெகுலேட்டரும் தலைமாட்டுக்கு வந்துவிட்டால் இன்னும் நல்லது. விடியற்காலையில் குளிரும்போது எழுந்து போய்க் குறைப்பதற்குள் தூக்கம் கலைந்துவிடுகிறது.

குளிர்சாதனத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் 2020 முதல் நட்சத்திரக் குறியீட்டோடு விற்கப்படும் அறைக் குளிர்சாதனங்கள் 24 பாகையில் இயங்கத் தொடங்கும்படியே அமைக்கப்படுகின்றன. இருந்தும் அறையை ஒப்படைக்கும்போது 18-இல் வைத்து விட்டுவிடுவது பணியாளர்களிடம் பழக்கமாகிவிட்டது. அதனினும் பெரிய தவறு, காற்று நேரே படுத்திருப்பவர் தலைமேல் விழும்படி கருவியைக் கால்மாட்டுச் சுவரில் மாட்டுவது. கருவியை இடம் மாற்ற முடியாவிட்டால், காற்றைத் திருப்பிவிடும் அக்ரிலிக் தட்டு ஒன்றை அதன் கீழே பொருத்தலாம். போர்வையிலும் ஒரு வார்த்தை உண்டு: தடித்த மெத்தைப் போர்வை பார்வைக்கு அழகாக இருக்கிறது, ஆனால் அது ஒவ்வொரு விருந்தினருக்குப் பிறகும் சலவைக்குப் போவதில்லை என்பது விருந்தினருக்கும் தெரியும். தினமும் துவைக்கக்கூடிய பருத்திப் போர்வை தலைக்கு ஒன்றாக வைத்துவிட்டால் யாரும் அந்தத் தடித்த போர்வையைத் தேடமாட்டார்கள்.

குடும்பமாக வருகிறவர்கள் எல்லோரும் கட்டிலில்தான் படுப்பார்கள் என்று நினைப்பதும் தவறு. கைக்குழந்தையைக் கட்டிலில் போட அஞ்சி, தாய் தரையில் படுப்பதுண்டு. முதுகு வலிக்காரப் பெரியவருக்கு மெத்தை ஒத்துக்கொள்வதில்லை. கேட்டால் கொடுப்பதற்கு இரண்டு கோரைப்பாயும் ஜமக்காளமும் அலமாரியில் இருக்க வேண்டும். குளியலறையில் கைப்பிடிக் கம்பி, உட்கார்ந்து குளிக்க ஒரு முக்காலி, நீர் தேங்காமல் வடிகாலை நோக்கிச் சரியும் தரை ஆகியவை பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. வயதானவர்களே அதிகம் வரும் ஊரில் அவை இல்லாதிருப்பதை மன்னிக்க முடியாது.

சத்தத்தைப் பற்றிய குறைகளைப் பேருந்து நிலையத்தின்மேலும் ஒலிபெருக்கியின்மேலும் போட்டுவிடுவது எளிது. உண்மையில் தூக்கத்தைக் கெடுப்பவற்றில் பாதி விடுதிக்குள்ளேயே பிறப்பவை: தானாக மூடும் கதவு அறைச்சுவர் அதிரும்படி அடித்துக்கொள்வது, பக்கெட்டைத் தரையில் இழுத்துச் செல்வது, பணியாளர்கள் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குக் குரல் கொடுத்துப் பேசுவது. டோர் குளோசரின் திருகை அரைச்சுற்று முறுக்கினால் முதலாவது தீர்ந்துவிடும். கதவின் அடிப்பகுதி இடைவெளிக்கு ரப்பர் பட்டை ஒட்டினால் நடைக்கூடத்து வெளிச்சமும் சத்தமும் ஒருசேரக் குறையும். கொசு வராதது உபரி.

அறைச் சுவரில் கூடாது என்று முடியும் வாசகங்களை ஒட்டுவதில் காட்டும் அக்கறையை, விருந்தினருக்கு வேண்டிய தகவலைச் சொல்வதில் விடுதிகள் காட்டுவதில்லை. கோயில் நடை திறந்து சாத்தும் நேரம், வைஃபை கடவுச்சொல், அதிகாலையில் காப்பி கிடைக்கும் இடம், இரவில் மருந்துக்கடை எங்கே என்பவை ஒரே அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தால், வரவேற்பு மேசைக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவை நின்றுபோகும். அறையில் கெட்டில் வைப்பதானால் அதன் உட்புறத்தை வாரந்தோறும் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிக் கொதிக்கவிட்டுக் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீர் ஊர்களில் அடியில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்த பிறகு யாரும் அதில் பால் காய்ச்சத் துணியமாட்டார்கள்.

அறையைக் காலி செய்யும் நேரத்தில் நடக்கும் தவறு, அதுவரை செய்த நல்லவற்றையும் மறக்கடித்துவிடும். இரவு ரயிலில் விடியற்காலை நாலு மணிக்கு வந்திறங்குகிறவரிடம் முழு நாள் வாடகை வாங்கிக்கொண்டு, பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் அவருக்கு எட்டு மணி நேரம்தான் கிடைத்திருக்கும். வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்ற பழைய லாட்ஜ் வழக்கம் கோயில் நகரத்துக்குப் பொருந்துவது. அதைக் கைவிட்டது எனக்கு முன்னேற்றமாகத் தெரியவில்லை. அறையை நீட்டித்துத் தர இயலாத நாட்களில், பெட்டிகளைப் பூட்டி வைக்க ஓர் அறையும், மாலை ரயிலுக்குமுன் குளித்து உடை மாற்ற ஒரு பொதுக் குளியலறையும் கொடுத்தால் அதுவே பெரிய உதவி.

கடைசியாக, வாகன ஓட்டுநர். கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகத் தலங்களைப் பார்க்க வருகிற குடும்பம் பெரும்பாலும் வாடகைக் காரிலோ வேனிலோதான் வருகிறது. குடும்பம் மேலே தூங்க, ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துக் கொசுக்கடியில் படுத்துவிட்டு, மறுநாள் அவர்களையே ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்டுகிறார். விடுதிகள் ஓட்டுநர்களுக்கு ஓய்விடம் ஒதுக்க வேண்டும் என்று தமிழக அரசு 2023-இல் கட்டட விதிகளைத் திருத்திய பிறகும், அதைத் தங்கும் விருந்தினரின் வசதியாக எண்ணிப் பார்க்கிறவர்கள் குறைவு. மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் ஒரு கட்டிலைப் போட்டுவிட்டு ஓட்டுநர் அறை என்று பெயர் எழுதுவதில் பயனில்லை. பகலில் ஏறிய சூடு அங்கே நள்ளிரவு வரை இறங்காது. தரைத்தளத்தில் மின்விசிறி, கொசுவலை, சார்ஜ் போட ஒரு ப்ளக் பாயின்ட், தனிக் குளியலறை ஆகியவற்றோடு நான்கு படுக்கைகள் வேண்டும். வாகன நிறுத்துமிடத்தில் ஒரு குழாயும் வாளியும் இருந்தால், காலையில் வண்டி துடைப்பதற்கு அவர் யாரிடமும் போய்க் கேட்டு நிற்க வேண்டியதில்லை.