கொழும்பில் பூட்டனின் ஞானஸ்நானப் பதிவைத் தேடுகிறவர்களுக்கு

"எங்கட ஆக்கள் எல்லாருக்கும் ஞானஸ்நானம் கொச்சிக்கடையிலதான்" என்று அம்மம்மா அடிக்கடி சொல்லுவா. அதை நம்பி மூன்று சனிக்கிழமைகளைத் தொலைத்தேன். அவவின் தகப்பன் இராயப்புவின் பதிவு கடைசியில் கிடைத்தது கொட்டாஞ்சேனை சாந்த லூசியா பேராலயத்துப் புத்தகத்தில். அந்தோனியாருக்கு நேர்ச்சை வைத்துப் பெற்ற பிள்ளையைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குத் தூக்கிப்போய்க் காட்டியிருப்பார்கள். தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தது சொந்தப் பங்கில், அதாவது குடியிருந்த பகுதிக்குரிய கோயிலில். வீட்டுக் கதையில் நேர்ச்சை மட்டும் மிஞ்சிவிட்டது.

ஆகவே கோயில் பெயரைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்த வீதியில், எந்த வருசத்தில் குடியிருந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். சனம் பெருகப் பெருகப் பங்குகள் பிரிந்தன. பழைய புத்தகங்கள் பெரும்பாலும் தாய்ப் பங்கிலேயே தங்கிவிட்டன. இன்றைக்கு வீட்டுக்கு முன்னால் நிற்கும் கோயில் அன்றைக்குப் பங்காகவே இருந்திராது. வாசலில் பதித்த கல் கட்டடத்தின் வயதைத்தான் சொல்லும். கொச்சிக்கடையில் இன்றுள்ள கோயில் 1834 இல் மந்திரிக்கப்பட்டது, அதாவது அர்ச்சிக்கப்பட்டது. அந்தோனியார் பக்தியோ அங்கே ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்திலேயே இருந்தது. பங்கு எப்போது எதிலிருந்து பிரிந்தது என்பதைப் பங்குக் குருவான சுவாமியிடம்தான் கேட்கவேண்டும்.

சுவாமி தங்கும் மீசாமுக்கு வேலைநாள் காலையில் போங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமியைச் சனம் மொய்த்துக்கொண்டிருக்கும். பெயர், தாய் தகப்பன் பெயர், உத்தேச வருசம் மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். ஐந்து வருசம் முன்னும் பின்னும் பார்க்கச் சொல்லுங்கள். வயது சொல்வதில் எங்கள் ஆட்கள் தாராளம்.

பெயர்தான் பெரிய சங்கடம். பழைய பதிவுகள் பல லத்தீனில் இருக்கும். இராயப்பு அங்கே பேத்ருஸ். சின்னப்பு பவுலுஸ், அருளப்பு யோவான்னெஸ், சூசை யோசேபுஸ், சந்தியாகு யாக்கோபுஸ். இது தெரியாமல் பூட்டனின் வரியையே நான் இரண்டு தரம் தாண்டிப் போயிருக்கிறேன். தாயின் பெயரைப் பார்த்துத்தான் ஆளைப் பிடித்தேன்.

வரி கிடைத்ததும் புத்தகத்தை மூடவிடாதீர்கள். ஓரத்தைப் பாருங்கள். 1908க்குப் பிறகு கோயிலில் கல்யாணம் கட்டினவர் என்றால், யாரை, எங்கே, என்றைக்கு என்று அங்கே குறித்திருக்க வேண்டும். பூட்டன் கட்டினது 1911 இல். அடுத்து எந்த மீசாமுக்குப் போவது என்பதை அந்தச் சின்னக் குறிப்பே சொல்லிவிட்டது.

ஒல்லாந்தர் காலத்து ஆட்களைத் தேடுவது வேறு கதை. 1656 இல் கொழும்பைப் பிடித்த பிறகு ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தார்கள். பிள்ளைக்குச் சொத்துரிமை வேண்டுமென்றால் அவர்களுடைய புரட்டஸ்தாந்துக் கோயிலில்தான் ஞானஸ்நானமும் பதிவும். கத்தோலிக்கரும் வேறு வழியில்லாமல் அங்கே பெயரைக் கொடுத்துவிட்டு, மறைந்து திரிந்த குருமாரிடம் பூசை கண்டார்கள். 1687 இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகளும், அவருக்குப் பின்னால் கோவாவிலிருந்து வந்த ஒரட்டோரியன் சபைக் குருமாரும் அப்படித் திரிந்தவர்கள்தான். தடை நீங்கியது ஆங்கிலேயர் காலத்தில், 1806 இல். அதனால் அந்தக் காலத்துப் பெயர்களை ஒல்லாந்தரின் பள்ளித் தோம்புகள் என்ற பதிவேடுகளில் பாருங்கள். அவை கொழும்பு 7 தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. ஒல்லாந்து மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். நான் தனியே போய் வெறுங்கையோடு திரும்பினேன்.

பிரதி எடுக்கும்போது ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பூட்டனின் ஞானத்தாய் ஒரு பிரான்சிஸ்கா. யாரென்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. வருகிற புதன்கிழமை முகத்துவாரம் பக்கம் விசாரிக்கப் போகிறேன்.