டிராக் காருக்குப் பெடல் மவுண்டும் பிரேக் லைனும்: பட்டறையில் நாமே செய்வது எப்படி

பிரேக் பெடல் மெத்தென்று இறங்கினால் பட்டறையில் முதலில் வரும் பேச்சு, "ஏர் இருக்கு, இன்னொரு தடவை எடு" என்பதுதான். கம்பெனி காரில் பெரும்பாலும் அது சரி. நாமே குழாய் வெட்டி, நாமே வெல்டு வைத்துக் கட்டிய காரில் இன்னொரு சந்தேகமும் வரவேண்டும்: காலுக்கு முன்னால் இருக்கும் இரும்பு வளைகிறதோ? வளைந்தால், எத்தனை பாட்டில் பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாலும் பெடல் கெட்டியாகாது.

என்னுடையது கோவையில் ஒரு ஷெட்டில் கட்டிய குழாய் சேசிஸ் கார். மாருதி எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், கால் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. முன் சக்கரங்களுக்கு ஒன்று பின் சக்கரங்களுக்கு ஒன்று என, ஆயிலை லைனுக்குள் தள்ளும் இரண்டு மாஸ்டர் சிலிண்டர், நடுவில் பெடலின் விசையை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பேலன்ஸ் பார். பந்தய வீரர் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் கார்களை உருவாக்கிய ஊர் இது. லேத்துக்கும் கை தேர்ந்த ஆளுக்கும் பஞ்சமில்லை, செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கும் பக்கம்தான்.

உங்களுக்கு வெல்டிங் வரும், சேசிஸ் நிற்கிறது, சீட் எங்கே என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ரோட்டில் ஓட்டும் காரில் இந்த வேலை வேண்டாம். வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு ஒரு பக்கம் இருக்கட்டும், உங்களுக்கு முன்னால் போகிற ஸ்கூட்டர்காரர் இந்தப் பரிசோதனைக்குச் சம்மதம் சொல்லவில்லை.

முதலில் கொஞ்சம் கணக்கு

பெடலின் சுழலும் புள்ளியிலிருந்து (பிவட்) கால் வைக்கும் இடம் வரை உள்ள தூரத்தை, அதே புள்ளியிலிருந்து, சிலிண்டரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வரை உள்ள தூரத்தால் வகுத்தால் பெடல் ரேஷியோ. பூஸ்டர் இல்லாத காருக்கு 5 அல்லது 6 வேண்டும். நான் 5 வைத்திருக்கிறேன்.

ஓட்டுநர் 400 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 40 கிலோ பாரத்தில் மிதிக்கிறார் என்று கொள்வோம். ரேஷியோ 5 என்றால் 2000 நியூட்டன். பேலன்ஸ் பார் நடுவில் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் 1000. சிலிண்டர் 5/8 அங்குலம் என்றால் லைனில் சுமார் 50 பார் அழுத்தம் வரும். அதே மிதிக்கு 3/4 அங்குலம் போட்டால் 35 பார்தான். பெரிய சிலிண்டர் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்து வாங்குபவர்கள் நிறைய பேர். நடப்பது நேர் எதிர். சின்ன சிலிண்டரில் அழுத்தம் கூடும், ஆனால் பெடல் அதிக தூரம் போகும். எதை எடுப்பது என்பது, சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரின் பிஸ்டனைப் பொறுத்தது. பிஸ்டனை அளக்காமல் சிலிண்டர் வாங்காதீர்கள்.

பெடல் மவுண்ட்

கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் மாதிரியான மாணவர் போட்டிகளில் ஒரு விதி உண்டு: பிரேக் பெடல் 2000 நியூட்டன் மிதியைத் தாங்க வேண்டும். பயத்தில் இரண்டு காலையும் வைத்து அழுத்துகிற மனிதனை நினைத்து வைத்த எண் அது. நீங்களும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ரேஷியோ 5 என்றால், மாஸ்டர் சிலிண்டர்களைத் தாங்கும் பிளேட்டை முன்பக்கமாகத் தள்ளும் விசை 10,000 நியூட்டன். ஒரு டன். அதே நேரம் பெடலின் பிவட் போல்ட்டை 8,000 நியூட்டன் பின்பக்கமாக இழுக்கிறது. ஆக, பிவட்டும் சிலிண்டர் பிளேட்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கின்றன.

அதனால் சிலிண்டரைக் காலுக்கு முன்னால் இருக்கும் தடுப்புத் தகட்டில் (ஃபயர்வால்) மாட்டி, பெடலைத் தரையில் மாட்டாதீர்கள். இரண்டும் ஒரே பிராக்கெட்டில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அந்த ஒரு டன் சண்டை பிராக்கெட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். சேசிஸுக்கு வந்து சேர்வது கால் கொடுக்கும் 2000 நியூட்டன் மட்டும்.

நான் செய்த விதம் இது. 5 மி.மீ. மைல்டு ஸ்டீல் (எம்.எஸ்.) பிளேட்டில் இரண்டு பக்கத் தகடுகள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து டாக் அடித்து, சேர்த்தே வெட்டி, சேர்த்தே துளை போட்டு, பிறகு பிரித்தேன். தனித்தனியாகத் துளையிட்டால் பிவட் கோணலாகும். முன்னால் 6 மி.மீ. சிலிண்டர் பிளேட், அதன் மூலைகளில் முக்கோணத் தாங்கு தகடு (கஸெட்). கஸெட் வைக்காத பிளேட் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வெற்றிலை மாதிரி மடங்கும்.

பிவட்டுக்கு லேத்தில் கன்மெட்டல் புஷ் கடைந்து, அதற்குள் ஒரு ஸ்டீல் ஸ்லீவ். ஸ்லீவ் புஷ்ஷைவிட ஒரு முடி அளவு, 0.2 மி.மீ., நீளமாக இருக்கட்டும். போல்ட்டை முழுதாக முறுக்கும்போது தகடுகள் ஸ்லீவை மட்டும் பிடிக்கும், பெடல் தடையில்லாமல் ஆடும். சம நீளம் வைத்தால் போல்ட்டைத் தளர்த்தித்தான் பெடலை ஆட்ட முடியும், தளர்ந்த பிரேக் போல்ட்டோடு யாரும் டிராக்கில் இறங்கக்கூடாது. வெல்டு வைக்கும் நேரத்தில் புஷ்ஷைக் கழற்றிவிட்டு, அதே அகலத்தில் ஒரு டம்மி துண்டைப் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் தகடுகள் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பிராக்கெட் முழுவதையும் தரைத் தகட்டில் அல்ல, சேசிஸின் குறுக்குக் குழாய்களில் போல்ட் போடுங்கள். சதுரக் குழாய்க்குக் குறுக்கே துளை போட்டால் உள்ளே ஒரு ஸ்லீவ் வைத்து வெல்டு செய்யுங்கள், முறுக்கும்போது குழாய் நசுங்காது. 8.8 கிரேடு போல்ட், நைலாக் நட். பிரேக்கில் மட்டும் காயலான் கடை போல்ட் வேண்டாம். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையில் கேலிப்பர் வாங்கலாம், ரப்பர் கிட்டைப் புதிதாக மாற்றிவிடலாம். போல்ட்டின் பூர்வீகத்தை எங்கே போய் விசாரிப்பது?

முடிந்ததும் ஒரு சோதனை. மேக்னெட் ஸ்டாண்டில் டயல் கேஜை சேசிஸில் நிறுத்தி, முனை சிலிண்டர் பிளேட்டைத் தொடும்படி வையுங்கள். ஒருவரை உட்காரவைத்து முழு பலத்தோடு மிதிக்கச் சொல்லுங்கள் (இதற்கு லைனில் ஆயில் ஏற்றி ஏர் எடுத்திருக்க வேண்டும், எனவே கடைசியில் திரும்பி வந்து செய்யுங்கள்). முள் அரை மி.மீ. தாண்டினால் நான் கஸெட் சேர்ப்பேன். பிளேட் 1 மி.மீ. நகர்ந்தால் காலுக்கு அது 5 மி.மீ., ரேஷியோ அங்கேயும் வேலை செய்யும்.

ஆக்ஸிலரேட்டருக்கு ஒரு ஸ்டாப்பர் வையுங்கள், காலின் பலம் கேபிளில் ஏறக்கூடாது. பிரேக்கை அழுத்திப் பிடித்த நிலையில் இரண்டு பெடலும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்தால் ஒரே காலால் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கும் ஹீல் அண்ட் டோ செய்ய வசதி.

புஷ்ராடில் சுமார் 1 மி.மீ. சும்மா ஆடும் இடைவெளி (ஃப்ரீ பிளே) கட்டாயம். காலை எடுத்ததும் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்தால்தான் ஆயில் டப்பாவான ரிசர்வாயருக்குப் போகும் சின்னத் துளை திறக்கும். அது திறக்காவிட்டால், சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக வழியில்லாமல் பிரேக் தானாகவே ஜாம் ஆகும். ஷெட்டில் தள்ளிப் பார்க்கும்போது தெரியாது. நாலு லேப் ஓடிய பிறகுதான் காட்டும்.

பைப்பும் நட்டும்: இங்கேதான் பலரும் மாட்டுவது

ஏ.சி. கடையில் கிடைக்கும் செம்புக் குழாய் கைக்கு நன்றாக வளையும். வேண்டாம். அதிர்வில் இறுகி, பைப் நுனியை விரித்துச் செய்யும் ஃப்ளேருக்குப் பின்னால் விரிசல் விடும். 3/16 அங்குல குப்ரோ நிக்கல் (செம்பு நிக்கல் கலவை) பைப் வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் கையாலேயே வளைக்கலாம், துருவும் பிடிக்காது.

அடுத்து மரை. மாருதி கேலிப்பரிலும் ஹோஸிலும் இருப்பது எம்10, 1 மி.மீ. பிட்ச். வெளிநாட்டு ரேஸிங் மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில் இருப்பது 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. 3/8 என்றால் 9.5 மி.மீ., பிட்ச் 1.06 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 3/8 நட்டை எம்10 துளையில் விட்டால் விரலாலேயே சுலபமாக ஏறும், கொஞ்சம் இறுகவும் செய்யும். ஆனால் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். 50 பார் வரும்போது அது உரிந்துகொண்டு வெளியே வரும். சந்தேகம் வந்தால் திரெட் கேஜை வைத்துப் பாருங்கள். நட்டு ஏறிய பிறகு பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் லொட லொடவென்று ஆடுவதும் ஓர் அடையாளம். நான் எம்10 நட்டுகளுக்கு ஒரு டப்பா, 3/8-க்கு ஒரு டப்பா என்று பிரித்து, 3/8 டப்பாவுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்துவிட்டேன்.

மரை பொருந்தினால் போதாது, ஃப்ளேரின் வடிவமும் பொருந்த வேண்டும். ஜப்பானிய வழி வந்த கார்களில், மாருதி உட்பட, 45 டிகிரி டபுள் ஃப்ளேர். ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலும் காளான் தலை மாதிரி பபிள் ஃப்ளேர். இரண்டுக்கும் அதே எம்10 மரைதான் வரும்! டபுள் ஃப்ளேர் உட்காரும் இடத்தில் பபிளைத் திணித்தால் கசியும். கசிவை நிறுத்த இன்னும் முறுக்குவீர்கள், அந்த இடமே கெடும். ரேஸ் கார்களில் வரும் ஏ.என். ஃபிட்டிங் 37 டிகிரி, அது இன்னொரு குடும்பம். டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள்: நடுவில் கூம்பு எழும்பியிருந்தால் டபுள் ஃப்ளேர், உள்ளே குழிந்திருந்தால் பபிள்.

டபுள் ஃப்ளேர் அடிக்கும் முறை: முதலில் நட்டைப் பைப்பில் கோர்த்துவிடுங்கள், திசை பார்த்து. பைப் கட்டரில் மெதுவாக, சுற்றுக்குக் கொஞ்சமாக அழுத்தி வெட்டுங்கள், ஹேக்ஸா வேண்டாம். உள் விளிம்பை ரீமரால் சுத்தம் செய்து, வெளி விளிம்பை அரத்தால் லேசாகச் சாய்த்து, தூசியை ஊதி எடுங்கள். டையின் படி உயரத்துக்குச் சரியாகப் பைப்பை நீட்டி இறுக்குங்கள். ஒரு சொட்டு பிரேக் ஆயில் விட்டு டையை அழுத்தினால் நுனி உள்ளே மடங்கும். டையை எடுத்துவிட்டுக் கூம்பால் அழுத்தினால் இரண்டு மடிப்பும் ஒன்றாகப் படியும். இரண்டு தாடையும் ஒரு நுகமும் உள்ள மலிவு ஃப்ளேரிங் செட்டில் பைப் வழுக்கும், ஃப்ளேர் ஒரு பக்கம் சாயும். காசைச் சேர்த்து வைஸில் பிடிக்கும் டூல் வாங்குங்கள். காருக்கான பைப்பைத் தொடும் முன் துண்டுகளில் பழகி, அதில் ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். மடிப்பு இரண்டும் சம அகலத்தில், இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால் கை வந்துவிட்டது என்று அர்த்தம்.

லைன் போடுதல்

லைனை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி, சேசிஸ் குழாய்க்குக் கீழே தொங்காமல் கொண்டுபோங்கள். 30 செ.மீ.க்கு ஒரு ரப்பர் வைத்த கிளிப், தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் (குரோமெட்). பைப் முடிந்து ஹோஸ் தொடங்கும் இடத்தில் சேசிஸில் ஒரு சின்னத் தகட்டுத் துண்டை வெல்டு செய்து அங்கே பூட்டுங்கள். ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை முழுதாகத் திருப்பி, மேலும் கீழும் ஆட்டி, ஹோஸ் எங்கும் இழுபடவில்லை, டயரில் உரசவில்லை என்று பார்ப்பது அவசியம். ஹோஸைக் கேலிப்பரில் பூட்டும் பேஞ்சோ போல்ட்டில், ஹோஸ் முனையின் இரு பக்கமும் புது செம்பு வாஷர். நட்டை ஃப்ளேர் நட் ஸ்பேனரால் முறுக்குங்கள்; சாதாரண ஸ்பேனர் ஆறு மூலையையும் உருட்டிவிடும்.

ஏர் எடுத்தல்

டாட் 4 ஆயில் போதும், புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. கேலிப்பரில் ஏர் வெளியேறும் நிப்பிள் மேலே பார்த்திருக்க வேண்டும். இடது வலது மாறி மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே வரும், ஏர் மேலேயே தங்கும்.

பேலன்ஸ் பார் உள்ள காரில் முன் நிப்பிள் ஒன்று, பின் நிப்பிள் ஒன்று, இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்தால் பார் அந்தப் பக்கமாகச் சாய்ந்து, சிலிண்டர் முழு தூரம் போகாது, ஏர் பாதியில் நிற்கும். மூன்று பேர் வேண்டும். டீ வாங்கிக் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

பிற்சேர்க்கை: எல்லாம் சரியாகச் செய்தும், வண்டியை நிறுத்திவைத்து மறுநாள் மிதித்தால் முதல் மிதி ஆழமாகப் போகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருடையது தரையில் மாட்டிய பெடல், ரிசர்வாயர் கேலிப்பரைவிடத் தாழ்வு. ஆயில் மெல்லத் திரும்பி இறங்குகிறது. ரிசர்வாயரை உயர்த்துங்கள், முடியாவிட்டால் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தங்கவைக்கும், டிஸ்க்குக்கான 2 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு போடுங்கள். டிரம்முக்கு உரியது 10 பி.எஸ்.ஐ., அதை டிஸ்க்கில் மாட்டினால் பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

டிராக்குக்குக் கொண்டுபோகும் முன்

சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, பெடலை அழுத்திய நிலையில் ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஒவ்வொரு நட்டையும் டிஷ்யூ பேப்பரால் துடையுங்கள். பேப்பர் நனைந்தால் ஃப்ளேரை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக அடியுங்கள், மேலும் முறுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஆயில் பட்ட இடத்தைத் தண்ணீரால் கழுவாவிட்டால் பெயின்ட் உரியும்.

அப்புறம் ஜாக்கி போட்டு நாலு சக்கரத்தையும் தூக்கி, முன் நிப்பிள் ஒன்றைத் திறந்துவிட்டு மிதியுங்கள். பெடல் ஆழமாகப் போகும், போகட்டும். ஆனால் எங்கேயாவது முட்டி நிற்கும் முன் பின் சக்கரம் பிடிக்க வேண்டும். பிறகு அதை மூடி, பின் நிப்பிளைத் திறந்து முன் சக்கரத்தைப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பார் சாய்ந்து, புஷ்ராடோடு அதை இணைக்கும் கிளெவிஸில் இடிக்கிறதா, பெடல் தரையைத் தொட்டுவிடுகிறதா என்று பார்த்து, புஷ்ராடு நீளத்தையும் கிளெவிஸ் இடைவெளியையும் திருத்துங்கள். இரண்டு பக்கமும் பிடித்த பிறகு மறுபடி ஏர் எடுத்து, லாக் நட்டுகளை இறுக்கி, ஒவ்வொன்றிலும் பெயின்ட் கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் அடுத்த தடவை வண்டியைப் பார்த்ததுமே தெரியும்.