படித்தால் புரிகிறது, பேச வரவில்லை: அட்டையைத் திருப்பிப் போட்டேன்

ஆங்கிலம் பழக, ஆங்கிலச் சொல் முன்பக்கம், தமிழ்ப் பொருள் பின்பக்கம் என்று நினைவு அட்டை (ஃபிளாஷ் கார்டு) எழுதினால் பார்த்ததும் பொருள் தெரியும். பேசும்போது அந்தச் சொல் வாய்க்கு வராது. பேச்சு ஓடுவது எதிர்த்திசையில். அதனால் முன்னால் தமிழில் ஒரு முழு வாக்கியம், பின்னால் அதற்கான ஆங்கில வாக்கியம் என்று மாற்றினேன். தனிச்சொல் அட்டையே கிடையாது.

ஏனென்றால் நாம் தடுமாறுவது பெரும்பாலும் சொல்லில் இல்லை, சொல் சேரும் ஜோடியில். 'மருந்து சாப்பிட்டேன்' என்று நினைப்பதால் 'ஈட்' வந்துவிடுகிறது; அங்கே 'டேக்' தான். 'அதைப் பற்றி' நாக்கில் நிற்பதால் 'டிஸ்கஸ் அபவுட்' (நன்றாகப் படித்தவர்களும் இதில் விழுவார்கள்). 'டிஸ்கஸ் தி இஷ்யூ' போதும்.

ஒரு நாளைக்கு 8 புது அட்டை. 1, 3, 7, 15 நாள் கழித்து மறுபடி. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 3 நொடியில் வராவிட்டால் அந்த அட்டை முதல் நாளுக்கே திரும்பும். மனசுக்குள் சொன்னதெல்லாம் கணக்கில் வராது. ஆசைப்பட்டு 20 போட்டால் பழைய அட்டைகள் குவிந்து மொத்தமும் நின்றுபோகும்.

உச்சரிப்புக்கு, செல்போனில் 1 நிமிடம் பேசிப் பதிவு செய்து மறுநாள் கேட்பேன். உடனே கேட்டால் பிழை காதில் விழாது. சிக்கியது கடைசி உகரம்: 'கப்பு', 'ஒர்க்கு'. 'கப்' என்று சொல்லி உதட்டைத் திறக்காமல் ஒரு நொடி பிடியுங்கள். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் ஒட்டிவிடுங்கள்: 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்'.